தொலைபேசி வயரில் வரும் நெட் விட்டுவிட்டு அறுந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் இன்னும் பல வீடுகளுக்கு நெட் வருவது தரைவழித் தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாகத்தான். ஃபைபர் பக்கத்துத் தெரு வரை வந்து நின்றிருக்கிறது. கம்பி பழையது, ஜாயின்ட்டுகள் நிறைய. ஐப்பசி பிறந்தால் போதும், யாராவது ஒருவர் வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிடும்: "நெட் வந்து வந்து போகுது, கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்." நான் இந்தத் துறையில் வேலை பார்த்தவன் இல்லை. என் வீட்டு இணைப்பு ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்தியதில் கற்றுக்கொண்டேன். அப்புறம் அக்கம்பக்கத்து வீடுகளில் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. பிள்ளைகளுக்குப் பாடம், வயதானவர்களுக்குப் பிள்ளைகளின் வீடியோ அழைப்பு எல்லாம் இந்த இரண்டு கம்பியில்தான் ஓடுகிறது. எங்கே பழுது என்று தெரியாமலே வாரக்கணக்கில் அவதிப்படுகிறவர்களைப் பார்க்கும்போது மனது கேட்பதில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

நெட் அடிக்கடி அறுகிறது. முதலில் எதைப் பார்ப்பது?

மோடத்தின் விளக்குகளை. அதுவும் அறுந்த அந்த நிமிடத்திலேயே. அவசரப்பட்டு மோடத்தை அணைத்துப் போட்டால் தடயம் போய்விடும்.

டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பியில் நெட் அனுப்பும் முறை) விளக்கு என்று ஒன்று இருக்கும். சில மோடங்களில் ஏடிஎஸ்எல் என்றோ லிங்க் என்றோ எழுதியிருப்பார்கள். அது அசையாமல் எரிந்தால், உங்கள் மோடமும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியும் கம்பி வழியாக ஒன்றையொன்று கேட்கின்றன என்று பொருள். மின்னிக்கொண்டிருந்தால் இன்னும் தேடுகிறது. அதற்கு அடுத்தது இன்டர்நெட் விளக்கு. உங்கள் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கப்பட்டு, உள்ளே விட்டுவிட்டார்கள் என்பதற்கு அது அடையாளம். மூன்றாவது வைஃபை விளக்கு. அது மோடத்துக்கும் உங்கள் செல்போனுக்கும் இடையிலான சமாச்சாரம்.

அறுந்த நேரத்தில் டிஎஸ்எல் விளக்கே மின்ன ஆரம்பித்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் திரும்ப நிலைத்தால் பழுது கம்பியில், அல்லது கம்பியோடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்றில். டிஎஸ்எல் அப்படியே இருந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்தால் கணக்கு சம்பந்தப்பட்டது, அல்லது நிறுவனத்தின் பக்கம். இரண்டும் எரிந்தும் நெட் இல்லையென்றால் வீட்டுக்குள் தேடுங்கள். இந்த ஒரு பார்வை பாதி வேலையை முடித்துவிடும்.

எல்லா விளக்கும் எரிகிறது. ஆனால் படுக்கையறையில் வீடியோ நின்று நின்று ஓடுகிறது.

அநேகமாக வைஃபை. ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் நேரடியாக மோடத்தில் செருகிப் பாருங்கள். கேபிளில் நன்றாக ஓடினால் தொலைபேசி லைனைக் குறை சொல்ல வேண்டியதில்லை. லேன் துளை இல்லாத லேப்டாப் என்றால் மோடத்திலிருந்து ஐந்தாறு அடியில், தடுப்பில்லாமல் உட்கார்ந்து பாருங்கள்.

பழைய வீடுகளின் ஒன்றரையடிச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், இரும்பு பீரோ எல்லாமே வைஃபைக்கு எதிரி. மோடத்தை டிவிக்குப் பின்னாலும் ஷோகேஸுக்குள்ளும் வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். பக்கத்து வீடுகள் எல்லாம் 6-இல் இருந்தால் நீங்கள் 1 அல்லது 11-க்கு மாறுங்கள்.

டிஎஸ்எல் விளக்குதான் போய்ப் போய் வருகிறது. அடுத்து என்ன?

தொலைபேசியை எடுத்துக் காதில் வையுங்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு ஈடாகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். டயல் டோன் வரும். ஏதாவது ஓர் எண்ணை அழுத்துங்கள். டோன் நின்று சில நொடிகள் நிசப்தம் இருக்கும். அந்த நிசப்தத்தில் உன்னிப்பாகக் கேளுங்கள். சுத்தமாக இருந்தால் நல்லது. எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சத்தமோ கரகரப்போ கேட்டால் எங்கோ ஜாயின்ட் கெட்டிருக்கிறது. தேனீ மொய்ப்பது போல 'ம்ம்ம்' என்று ஒரே சீராக ரீங்காரம் கேட்டால் கம்பிகளில் ஒன்று பூமியோடு உரசுகிறது, அல்லது மின்சார வயரை ஒட்டிப் போகிறது. அடுத்தவர் பேச்சு மெல்லக் கேட்டால் வேறொரு இணைப்போடு கசிவு இருக்கிறது.

ஏன் இதை முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போகிறது. நெட் அதே கம்பியில் அதற்கு மேலே, 25-இலிருந்து 1,104 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. அதன் வேகமான வகையான ஏடிஎஸ்எல்2+ என்றால் 2,208 வரை. காதுக்கே கேட்கிற அளவுக்குக் கம்பி கெட்டிருந்தால், மேலே போகும் நெட் படுகிற பாட்டைச் சொல்லவே வேண்டாம். இன்னொரு நன்மையும் உண்டு. 'நெட் ஸ்லோ' என்று புகார் கொடுத்தால் 'மோடத்தை ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்பார்கள். 'போனில் கரகர சத்தம் வருகிறது' என்று கொடுத்தால் லைன்மேனை அனுப்பியாக வேண்டும்.

போன் மணி அடித்தாலே நெட் அறுந்துவிடுகிறது. பேசி முடித்ததும் வந்துவிடுகிறது.

ஸ்ப்ளிட்டரைப் பாருங்கள். ஒரு பக்கம் லைன், மறுபக்கம் போனுக்கும் மோடத்துக்கும் தனித்தனித் துளை உள்ள சின்னப் பெட்டி அது. குரலையும் நெட்டையும் பிரிப்பது அதன் வேலை. சும்மா இருக்கும் லைனில் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கிறது. மணி அடிக்கும்போது அதன்மேல் 75 வோல்ட், அதற்கும் மேலான மாறுமின்சாரம் ஏறுகிறது. ரிசீவரை எடுத்ததும் சட்டென்று பத்து வோல்ட்டுக்கு அருகில் இறங்குகிறது. ஸ்ப்ளிட்டர் கெட்டிருந்தாலோ, இல்லாமலே போனை இணைத்திருந்தாலோ இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் மோடத்தின் தலையில் இறங்கும்.

பல வீடுகளில் கூடத்துப் போனுக்கு ஸ்ப்ளிட்டர் போட்டிருப்பார்கள். மாடியில் இருக்கும் பேரலல் போனை மறந்திருப்பார்கள். லைனில் தொங்கும் ஒவ்வொன்றும் (கார்ட்லெஸ் போன், ஃபேக்ஸ், பழைய காலர் ஐடி பெட்டி) ஸ்ப்ளிட்டரின் போன் பக்கத்துக்கு அப்பால்தான் இருக்க வேண்டும். மாற்று ஸ்ப்ளிட்டர் பெரிய விலை இல்லை. சந்தேகம் வந்தால் மாற்றிப் பார்ப்பதே உத்தமம். மாற்றிய பிறகும் மணி அடித்தால் போகிறது என்றால் வெளியே ஜாயின்ட் பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கள் வீட்டில் தலைகீழ். ரிசீவரை எடுத்து வைத்தால் நெட் நன்றாக ஓடுகிறது, வைத்துவிட்டால் தடுமாறுகிறது!

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆனால் உண்மை. இதற்குக் காரணம் களிம்பேறிய ஜாயின்ட். இரண்டு செம்பு முனைகள் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு படர்ந்து, தொடுகிற மாதிரி இருந்தும் சரியாகத் தொடாமல் இருக்கும். ரிசீவரை எடுக்கும்போது கம்பியில் மின்னோட்டம் பாய்கிறது. அந்த ஓட்டம் களிம்பின் மெல்லிய படலத்தை ஊடுருவித் தற்காலிகமாக நல்ல தொடுப்பை உண்டாக்குகிறது. வைத்ததும் ஓட்டம் நிற்கிறது, தொடுப்பும் போய்விடுகிறது.

இப்படி ஓர் அறிகுறி இருந்தால் மோடத்தையோ வைஃபையையோ தொடாதீர்கள், பணம் செலவழிக்காதீர்கள். லைன்மேன் வந்ததும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள். அனுபவமுள்ளவர் என்றால் அந்த ஒரு வரியிலேயே புரிந்துகொள்வார்.

போன் செத்துவிட்டது, டயல் டோனே இல்லை. ஆனால் நெட் மெதுவாக வருகிறது. எப்படி?

இரண்டு கம்பியில் ஒன்று அறுந்திருக்கும். குரலுக்குச் சுற்று முழுமையாக வேண்டும். நெட்டின் உயர் அலைவரிசை, அறுந்த இடத்தின் இடைவெளியையும் தாண்டிக் கசிந்து போய்விடும், வேகம் மட்டும் குறையும். 'நெட் வருதே' என்று புகார் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

மழை பெய்தால் போகிறது. வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறது. லைன்மேன் வருகிற அன்றைக்கு வெயில் அடிக்கிறது.

என் வீட்டுக் கதையும் இதுவேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கம்பி வருகிற பாதையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து பூமிக்கடியில் பெரிய கேபிள், தெருமுனையில் கேபிள்கள் பிரியும் பில்லர் எனும் பெட்டி, அங்கிருந்து சின்ன கேபிள், கம்பத்தில் அல்லது சுவரில் வீடுகளுக்கு இணைப்பு பிரியும் டிபி பெட்டி, அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு அந்தரத்தில் வரும் டிராப் வயர், வீட்டுச் சுவரில் ரோசட் எனப்படும் சின்ன வெள்ளைப் பெட்டி. இதில் தண்ணீர் இறங்கக்கூடிய இடங்கள் ஏராளம். மூடி இல்லாத டிபி பெட்டி, டேப் மட்டும் சுற்றிய ஜாயின்ட், அணில் கடித்த வயர், சாலைப் பணிக்காகத் தோண்டியவர்கள் வெட்டி ஒட்டவைத்துப் போன கேபிள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டு, களிம்பேறுவது இன்னும் வேகமாக நடக்கிறது.

மழை நேரத்தில் அறுந்தால் தண்ணீர் மேலாக நனைக்கும் இடம், அதாவது டிராப் வயர், டிபி பெட்டி. மழை விட்டு ஒரு நாள் கழித்து அறுந்து, பல நாள் அப்படியே இருந்தால் தரைக்கடி கேபிளில் ஈரம் ஊறியிருக்கலாம். இது கண்டிப்பான விதி இல்லை, தேடத் தொடங்கும் திசையை மட்டும் காட்டும்.

எங்கள் வீட்டுக்கு லைன்மேன் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் நல்ல வெயில். அளந்து பார்த்து 'லைன் ஓகே' என்று சொல்லிப் போனார். அவர் மேல் தவறில்லை. அவர் அளந்தபோது லைன் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் நான் ஒரு பழைய டைரியில் எழுத ஆரம்பித்தேன். தேதி, அறுந்த மணி, திரும்பிய மணி, எந்த விளக்கு போனது, வானம் எப்படி இருந்தது. பத்தொன்பது நாள் எழுதிய பிறகு ஒன்று புலப்பட்டது. தூறல் இல்லாத இரண்டு நாட்களிலும் அறுந்திருந்தது. அந்த இரண்டு நாளிலும் 'காற்று' என்று குறித்திருந்தேன்.

நான்காவது முறை அவர் வந்தபோது டைரியைக் காட்டினேன். "அண்ணே, மழையில்லாமலும் போயிருக்கு, காத்தடிச்சாலே போகுது." அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, வயர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டே வாசலுக்குப் போனார். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை டிராப் வயர் மேல் சாய்ந்து கிடந்தது. மழையில் நனைந்து கனத்தாலும், காற்றில் ஆடினாலும் வயர் இழுபட்டது. அது போய்ச் சேரும் டிபி பெட்டியில் திருகாணி தளர்ந்திருந்தது. "தம்பி, இதை முதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேன்ல" என்றார். முனையைப் புதிதாகச் சீவி, இறுக்கி, கிளையையும் கழித்துவிட்டுப் போனார். மொத்தம் இருபது நிமிட வேலை. அதற்குப் பிறகு அந்த மழைக்காலம் முழுக்க அறுந்தது ஒரே ஒரு முறைதான், அதுவும் ஊர் முழுக்கப் போன அன்று.

அந்த டைரியை இன்றும் மோடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு நோட்டு வாங்கச் சொல்வதும் இதனால்தான்.

மழை கிழை எதுவும் இல்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் பிரச்சினை.

வேகம் மட்டும் குறைகிறதா, டிஎஸ்எல் விளக்கே போகிறதா என்று பிரித்துப் பாருங்கள். விளக்கு போகாமல் வேகம் மட்டும் குறைந்தால், ஊரே அந்த நேரத்தில் நெட் பார்க்கிறது; எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே போகும் பாதையில் நெரிசல். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

விளக்கு போகிறது என்றால் மின்குறுக்கீடு இருக்கலாம். ஏழு மணிக்கு என்னென்ன போடுகிறோம்? எல்இடி விளக்கு, டிவி, சார்ஜர், சில வீடுகளில் இன்வெர்ட்டர். மட்டமான சார்ஜரும் எல்இடி பல்பும் வெளியிடும் இரைச்சல் நெட் ஓடும் அலைவரிசையிலேயே விழுகிறது. கண்டுபிடிக்க நல்ல வழி, பேட்டரியில் ஓடும் பழைய ரேடியோ. மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, பிரச்சினை நேரத்தில் வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்தப் பொருளை நெருங்கும்போது 'கொர்ர்' என்று சத்தம் ஏறுகிறதோ, அதை அணைத்துப் பாருங்கள். மீடியம் வேவும் ஏடிஎஸ்எல்லும் ஒரே தெருவில் குடியிருப்பவை. திருச்சி வானொலி ஒலிபரப்பும் 936 கிலோஹெர்ட்ஸ் நெட்டின் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஏடிஎஸ்எல் தன் அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 256 துண்டுகளாக வெட்டிப் பயன்படுத்துகிறது. 936-ஐ வகுத்துப் பார்த்தால் 217-ஆம் துண்டு. பலமான நிலையம் பக்கத்தில் இருந்தால் மோடம் அந்தத் துண்டைச் சுற்றி மட்டும் தகவலைக் குறைவாக ஏற்றிக்கொண்டு, மற்றவற்றில் சமாளிக்கும். அருமையான ஏற்பாடு.

இருட்டினால் தூரத்து நிலையங்கள் ரேடியோவில் கேட்கத் தொடங்குமே, ஞாபகம் இருக்கிறதா? பகலில் வராத அந்த அலைகள் இரவில் வானத்தில் பட்டுத் திரும்பி வருகின்றன. தெருவில் தொங்கும் நம் டிராப் வயர் அவற்றுக்கு ஒரு ஏரியல். அதனால் நல்ல லைனிலும் இரவில் இரைச்சல் கொஞ்சம் கூடுவது இயற்கை. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் லைன் அந்தக் கொஞ்சத்திலேயே விழுந்துவிடுகிறது.

மோடத்தின் உள்பக்கத்தில் எஸ்என்ஆர், அட்டென்யுவேஷன் என்று எண்கள் இருக்கின்றன. அவை என்ன?

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடங்களின் பக்கம் திறக்கும். டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் இந்த எண்கள் இருக்கும்.

அட்டென்யுவேஷன் என்பது வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்ற அளவு. தூரத்தைப் பொறுத்தது. ஒரு கிலோமீட்டர் கம்பிக்குத் தோராயமாக 13, 14 டெசிபல் என்று கணக்கிடலாம். 30-க்குக் கீழே இருந்தால் நல்ல லைன். 50-ஐத் தாண்டினால் வேகத்தைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. 60-க்கு மேல் என்றால் லைன் நிற்பதே கஷ்டம். நேர்தூரத்தைக் கொண்டு கணக்குப் போடாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் எதிர்த் தெருவில் இருந்தாலும் கேபிள் ஊரைச் சுற்றி வரலாம்.

எஸ்என்ஆர் மார்ஜின் தான் விட்டுவிட்டு அறுவதற்கான எண். திருவிழாக் கடைத்தெருவில் ஒருவர் பேசுவது நமக்கு விளங்க வேண்டுமென்றால், சுற்றியுள்ள சத்தத்தைவிட அவர் குரல் உயர்ந்திருக்க வேண்டும். விளங்குவதற்குத் தேவையானதற்கு மேல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே மார்ஜின். பொதுவாக 6 டெசிபலைக் குறியாக வைத்துத்தான் மோடம் இணைகிறது. 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 6-க்கும் கீழே ஆடிக்கொண்டிருந்தால் எப்போது வேண்டுமானாலும் அறும்.

ஒரே ஒரு முறை பார்த்து முடிவுக்கு வராதீர்கள். காலையில், இரவில், மழையில் என்று குறித்து வையுங்கள். தூரம் மாறாது, எனவே அட்டென்யுவேஷனும் பெரிதாக மாறக் கூடாது. நேற்று 32 இருந்தது இன்று 45 என்றால் கம்பியில் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. சிஆர்சி பிழைகள் (வழியில் சிதைந்து வந்த தகவல்கள்) என்று ஓர் எண்ணிக்கையும் இருக்கும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு கூடுவதில் பயமில்லை. கண்ணெதிரே நூறு நூறாக ஏறினால் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் வயரிங்கா, வெளியே இருக்கும் லைனா? எப்படிப் பிரிப்பது?

வெளியிலிருந்து வரும் டிராப் வயர் முதலில் நுழையும் ரோசட்டிலேயே மோடத்தைச் சின்ன வயரில் நேரடியாக இணையுங்கள். அங்கிருந்து உள்ளே போகும் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். எந்த வயர் எந்தத் திருகாணியில் இருந்தது என்று முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 48 வோல்ட் சாதாரணமாக ஒன்றும் செய்யாது, ஆனால் கை வைத்திருக்கும்போது மணி அடித்தால் சுரீர் என்று இருக்கும். ஈரக் கையோடு தொட வேண்டாம்.

இப்படி ஒரு முழு நாளாவது, வழக்கமாகப் பிரச்சினை வரும் நேரத்தையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை என்றால் பழுது உங்கள் வீட்டு வயரிங்கில். அப்படியும் அறுந்தால் வெளியே. இந்த ஒரு சோதனையை முடித்துவிட்டுப் புகார் கொடுத்தால் யாரும் உங்களைத் திருப்பியனுப்ப முடியாது.

வீட்டு வயரிங்கில் நான் அதிகம் பார்த்த தவறு, நீளம் போதவில்லை என்று தட்டையான வயரையோ பெல் வயரையோ ஒட்டி இழுத்திருப்பது. தொலைபேசி வயரின் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போக வேண்டும். குறுக்கீடு இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று கழித்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. கிரகாம் பெல்லே 1881-இல் காப்புரிமை வாங்கிய யோசனை. முறுக்கில்லாத வயர் இருபதடி ஓடினால், அதுவும் மின்சார வயரோடு ஒரே பைப்பில் ஓடினால், இரைச்சலை நாமே அழைத்து வந்த மாதிரி. நீட்ட வேண்டியிருந்தால் மோடத்தை ரோசட் பக்கத்திலேயே வைத்து, லேன் கேபிளை நீளமாக இழுங்கள்.

பயன்படுத்தாத பழைய எக்ஸ்டென்ஷன் வயர்களையும் கழற்றிவிடுங்கள். முனையில் எதுவும் இல்லாவிட்டாலும், சிக்னல் அங்கே போய் முட்டித் திரும்பி வந்து குழப்பும்.

புது மோடம் வாங்கினால் சரியாகுமா?

சில நேரம். ஆனால் அதற்கு முன் அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட் அடாப்டர் மூன்று நான்கு வருடம் இரவும் பகலும் ஓடினால் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் உப்பிவிடும். விளக்கெல்லாம் எரியும், சுமை ஏறும்போது மட்டும் மோடம் தானாக அணைந்து எழும். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்து எரிந்தால் அடாப்டர் அல்லது வீட்டு மின்சாரம். அதே வோல்ட்டும் அதற்குக் குறையாத ஆம்பியரும் உள்ள வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். முள்ளின் பிளஸ், மைனஸ் முனைகள் மாறிவிடாமல் கவனியுங்கள். மோடம் தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது என்றால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். புதிதாக வாங்கும் முன் நண்பரின் மோடத்தை ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

டிஎஸ்எல் எரிகிறது, இன்டர்நெட் விளக்கு சிவப்பாக இருக்கிறது.

பில் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு மாறியிருக்கலாம். இரண்டும் சரியென்றால் மோடத்தை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பழைய இணைப்பு அந்தப் பக்கம் இன்னும் திறந்தே இருக்கிறது என்று கணக்கு காட்டினால் இதில் சரியாகிவிடும். ஒரு எச்சரிக்கை: ஊசி வைத்துக் குத்தும் ரீசெட் பொத்தானை அமுக்காதீர்கள். பயனர் பெயர், பாஸ்வேர்டு, நிறுவனத்தோடு இணைய மோடத்தில் பதிந்திருக்கும் விபிஐ, விசிஐ எண்கள் எல்லாம் அழிந்துவிடும். பிஎஸ்என்எல் இணைப்பில் அந்த எண்கள் 0, 35. மற்றவர்கள் முன்கூட்டியே தங்கள் நிறுவனத்திடம் கேட்டு அட்டையில் எழுதி மோடத்துக்கு அடியில் ஒட்டிவையுங்கள்.

8 மெகாபிட் திட்டம். ஆனால் ஒரு நொடிக்கு 1 எம்பிக்கு மேல் இறங்குவதே இல்லை.

சரியாகத்தான் வருகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். டவுன்லோடு காட்டுவது பைட்டில், திட்டத்தில் சொல்வது பிட்டில்.

இடி இடிக்கும்போது என்ன செய்வது?

மின்சார பிளக், தொலைபேசி வயர் இரண்டையும் கழற்றுங்கள். பலர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு வயரை விட்டுவிடுகிறார்கள். மின்னல் அந்தரத்து டிராப் வயர் வழியாகவும் வரும். மோடத்திலிருந்து கணினிக்குப் போகும் லேன் கேபிளையும் சேர்த்துக் கழற்றினால் கணினியும் தப்பும். இதையெல்லாம் வானம் கறுக்கும்போதே செய்துவிட வேண்டும். தலைக்கு மேல் இடிக்கும்போது வயரில் கை வைக்காதீர்கள், போனாலும் மோடம்தானே போகும்.

புகார் எப்படிக் கொடுப்பது? கொடுத்தாலும் மறுநாளே 'சரிசெய்யப்பட்டது' என்று முடித்துவிடுகிறார்களே.

பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணில் கூப்பிட்டு, பதிவு எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். சுருக்கமாகச் சொல்லுங்கள். இப்படி: "ஒரு வாரத்தில் பதினான்கு முறை டிஎஸ்எல் விளக்கு அணைந்திருக்கிறது. போனில் கரகரப்பு கேட்கிறது. ரோசட்டில் நேரடியாக மோடத்தை இணைத்தும் அறுகிறது. ஸ்ப்ளிட்டரும் அடாப்டரும் மாற்றிப் பார்த்தாயிற்று." இதைக் கேட்டவர் உங்களை ரீஸ்டார்ட் செய்யச் சொல்ல மாட்டார்.

சரிசெய்யாமல் முடித்தால் அந்தப் பதிவு எண்ணைச் சொல்லி மேல்முறையீடு செய்யலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகள், முதலில் புகார் மையம், அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒவ்வொரு நிறுவனமும் இரண்டு படிகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை, எனவே அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். நாள் கணக்கில் இணைப்பு இல்லாமல் இருந்தால் அந்த நாட்களுக்கு வாடகைக் கழிவு கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், தேதிகள்தான் நோட்டில் இருக்கின்றனவே.

லைன்மேன் வந்தால் என்ன கேட்க வேண்டும்?

முதலில் தண்ணீர் கொடுங்கள். ஒருவரே பல தெருக்களைப் பார்க்கிறார், வெயிலில் கம்பம் கம்பமாக ஏறி வருகிறார். அப்புறம் நோட்டைக் காட்டுங்கள். டிபி பெட்டியில் உங்கள் முனையைப் புதிதாகச் சீவி மாட்டச் சொல்லுங்கள். டிராப் வயரில் நடுவழி ஜாயின்ட் இருந்தால் முழு வயராக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். இவ்வளவு செய்தும் சரியாகவில்லையென்றால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அண்ணே, கேபிள்ல நல்ல பேர் (ஜோடிக் கம்பி) வேற ஏதாவது சும்மா இருந்தா அதுக்கு மாத்திக் கொடுங்க." தரைக்கடியில் கெட்டுப்போன ஜாயின்ட்டைத் தோண்டிச் சரிசெய்வதைவிட இது சுலபம். பல வீடுகளில் பிரச்சினை இதோடு தீர்ந்திருக்கிறது.

பேசாமல் ஃபைபருக்கே மாறிவிடலாமா?

உங்கள் தெருவில் கிடைத்தால் மாறிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். கண்ணாடி இழையில் களிம்பேறாது, மின்குறுக்கீடு ஏறாது, ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு மாறுங்கள். செம்பு லைனில் போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. வீட்டில் கரண்ட் போனாலும் சாதாரண வயர் போன் பேசும். ஃபைபரில் பெட்டிக்கு மின்சாரம் இல்லையென்றால் போனும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்து, ஆபத்துக்கு அந்தப் போனைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்றால், ஃபைபர் பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ் சேர்த்து வாங்குங்கள். பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். புது இணைப்பு ஒரு வாரம் நன்றாக ஓடுவதைப் பார்த்த பிறகு பழையதை ஒப்படைத்தால் போதும்.